மரமும் கண்ணாடியும் நுரையும்: ஒரு படகுத் தளத்தின் வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. நெடுங்காலமாக மாணவர்க்கு வரலாறு கற்பித்து வரும் என்னிடமும் அந்தக் குறை உண்டு. ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஓர் அரசனைப் பற்றியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையில் கிடந்த ஒரு படகின் தளத்தைப் பற்றியது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் தம் உயிரை நம்பி அதன்மேற் கால் ஊன்றி நிற்கின்றனர். அதற்கும் ஒரு வரலாறு இருத்தல் வேண்டும் அல்லவா?

இந்த எண்ணம் எனக்குத் தானாக வந்ததன்று. காரைநகர்க் கரையோரத்தில் தொழில் செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் அதனை எனக்கு உண்டாக்கினார். அவருடைய படகு 18 அடி நீளமான கண்ணாடி இழைப் படகு. நம்மூரில் யாவரும் பைபர் கிளாஸ் என்று சொல்வது அதனையே. ஒரு நாள் விடியற்காலை வலை இழுத்துக் கொண்டிருந்தபோது அவருடைய வலக்கால் தளத்தைத் துளைத்துக்கொண்டு முழங்கால்வரை கீழே இறங்கிவிட்டது. நல்ல வேளையாக அதற்குக் கீழே இருந்த படகின் அடிப்பகுதி உடையவில்லை. கரைக்கு வந்து தளத்தின் மேற்பூச்சை வெட்டித் திறந்தார். உள்ளே இருந்த ஒட்டுப்பலகை நீர் ஊறி, கறுத்து, கையாற் பிசைந்தால் சேறுபோற் கரையும் நிலையில் இருந்தது. அன்று மாலை அதில் ஒரு துண்டை எடுத்துவந்து என் மேசைமேல் வைத்து, "சேர், இது பலகையோ, பஞ்சோ?" என்று கேட்டார்.

நான் கலைப் பட்டதாரி; படகு கட்டத் தெரிந்தவன் அல்லேன். அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆனால், வெளியே கல்லைப்போல் உறுதியாய்த் தோன்றிய ஒரு பொருள் உள்ளே பஞ்சாய் மாறியது எவ்வாறு என்பதை அறிய முயன்றபோது, நம் கடற்கரையின் நெடுங்கதை ஒன்று என்முன் விரிந்தது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

நம் கடலின் இயல்பை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். குடாநாட்டின் உட்பக்கத்திலுள்ள களப்பு ஆழம் குறைந்தது. பல இடங்களில் மனிதர் இடுப்பளவு நீரில் நடந்து செல்லலாம். வடகரையிலோ கரைக்கு அண்மையிலேயே முருகைக்கல் திட்டுக்கள் உள்ளன. அவற்றின் இடையே உள்ள வான்களின் வழியாகவே படகுகள் போய் வருகின்றன. வாடைக்காற்று வீசும் மாரிகாலத்தில் அலையின் சீற்றம் மிகும். அப்போது படகைக் கரையேற்றி வைத்தல் வேண்டும். ஆகவே நம் மீனவனுக்கு வேண்டியது மிதமான நீரில் மிதப்பதும், நான்கைந்து பேர் சேர்ந்து மணலில் இழுக்கக்கூடியதுமான கலமாகும். சுருங்கச் சொன்னால், இலேசு என்பது அவனுக்கு ஆடம்பரம் அன்று, தேவை.

இத்தேவையை நம் முன்னோர் மிகப் பழைய காலத்திலேயே உணர்ந்து ஒரு விடை கண்டனர். அவ்விடைதான் கட்டுமரம். மலைவேம்பு முதலிய இலேசான மரங்களின் தண்டுகளைச் செதுக்கி, ஒன்றோடொன்று கயிற்றாற் பிணைத்து, அதன்மேல் நின்று கடலுக்குச் சென்றனர். அதற்குப் பக்கச் சுவரும் இல்லை, உள்ளறையும் இல்லை. அலை மேலே ஏறினாலும் இடுக்குகளின் வழியே நீர் வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. இந்தக் கலத்தின் பெயரையே ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளுக்கெல்லாம் அதனைப் பெயராக வழங்குகின்றனர். பெயர் உலகைச் சுற்றி வந்தது. பொருள் மாறிப் போயிற்று.

ஆனால் கட்டுமரத்திற்கும் ஒரு பலவீனம் இருந்தது. இலேசான மரம் நீரை எளிதிற் குடிக்கும், நீரைக் குடித்தால் பாரமாகும், பாரமானால் தாழும். இதனை நம் மீனவர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவே கடலிலிருந்து திரும்பியவுடன் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் இட்டு, வெயிலிலும் காற்றிலும் உலரவிட்டனர். இது வெறும் பழக்கம் அன்று. இலேசைக் காப்பாற்றும் அறிவு. இந்த ஒரு செய்தியை மட்டும், நேயர்களே, மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். என் மாணவர் கேட்ட கேள்விக்கான விடை இதனுள்ளேயே இருக்கின்றது.

கட்டுமரம் மீனவனுடையது. வணிகனுக்கோ அது போதாது. நெல்லும் ஓடும் புகையிலையும் ஏற்றிப் பாக்கு நீரிணையையும் வங்காள விரிகுடாவையும் கடக்கப் பெருங்கலம் வேண்டியிருந்தது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை முதலிய துறைகளில் அத்தகைய பாய்க்கப்பல்கள் இருந்தன. அவற்றைக் கட்டிய ஓடாவிமார் வரைபடம் கொண்டு வேலை செய்தவர்கள் அல்லர். கண்ணளவும் கையளவுமே அவர்களுக்கு நூல். ஏரா எனப்படும் அடிமரத்தை முதலில் நாட்டி, விலாச் சட்டங்களை எழுப்பி, அவற்றின்மேல் பலகைகளை அறைந்தனர். வேம்பு, இலுப்பை, தேக்கு முதலிய மரங்கள் பயன்பட்டன.

இக்கப்பல்களுள் உலகப் புகழ் பெற்றது 'அன்னபூரணி'. வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட இந்த இரு பாய்மரக் கப்பல் 89 அடி நீளமுடையது. உலகைச் சுற்றிவந்த அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் றொபின்சன் இதனை விலைக்கு வாங்கினார். அதற்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்திற் கொண்டு சேர்த்தனர். நம் ஓடாவிமாரின் கைவேலைக்கு அத்திலாந்திக் கடலே சான்று கூறிற்று என்றால் அது மிகையாகாது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கின் வழியே நீர் புகாமல் இருக்க, ஓடாவிமார் நாரைத் திரித்து அந்த இடுக்கில் உளியால் அடித்துச் செலுத்தினர். இதற்குக் கலப்பற்றுதல் என்று பெயர். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசினர். நார் ஒன்று, பிசின் ஒன்று. நார் தனியே நின்றால் நீரைக் குடிக்கும். பிசின் தனியே நின்றால் வெடித்து உதிரும். இரண்டும் சேர்ந்தபோது நீரைத் தடுக்கும் உறுதி பிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு விஞ்ஞானிகள் கண்ணாடி நாரையும் செயற்கைப் பிசினையும் சேர்த்துப் படகு செய்தபோது, நம் ஓடாவி அந்த இடுக்கிற் செய்ததையே அவர்கள் படகு முழுவதற்கும் செய்தனர் என்று எனக்குத் தோன்றுகின்றது. பொருள்கள் வேறு, அவற்றைச் சேர்க்கும் நியாயம் ஒன்றே.

கண்ணாடியை நூலாக இழுத்து நெய்யும் தொழில் அமெரிக்காவில் 1930களில் வளர்ந்தது. பொலியெஸ்ரர் என்னும் செயற்கைப் பிசின் அடுத்து வந்தது. பச்சை நிலையில் இது பாகுபோல் இருக்கும். அதனோடு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு ஊக்கித் திரவத்தைக் கலந்தால், சிறிது நேரத்திற் சூடேறிக் கல்லாக இறுகிவிடும். இறுகுமுன் கண்ணாடி நார்ப்பாயை அதில் தோய்த்து அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படியவைத்தால், இணைப்போ இடுக்கோ இல்லாத ஒரே ஓடாகப் படகு உருவாகும். 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில் றே கிறீன் என்பவர் இம்முறையில் ஒரு சிறு படகைச் செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இத்தொழில் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டுக்கு அது வந்த வழியும் அறியத்தக்கது. 1958ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் இயந்திரம் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகளைக் கடனடிப்படையில் மீனவர்க்கு வழங்கத் தொடங்கிற்று. படகில் இயந்திரம் ஏறியதும் கட்டுமானத்தின் கணக்கே மாறிப்போயிற்று. பாய்க்கலத்துக்குப் பாரம் ஒரு துணை. இயந்திரப் படகுக்கோ பாரம் ஒவ்வொரு நாளும் எண்ணெய்க் காசாகக் கணக்கிடப்படும் சுமை. மேலும், நல்ல மரம் அருகிக்கொண்டே வந்தது.

இந்த வேளையில், 1960களின் பிற்பகுதியில், நோர்வே நாட்டவரான ஆர்னே பியோர்தொவ்ட் என்பவரின் முயற்சியால் 'சீநோர்' என்ற நிறுவனம் யாழ்ப்பாணத்தில் தோன்றிற்று. சிலோன், நோர்வே என்னும் இரு பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அப்பெயர். காரைநகரிற் படகு கட்டும் தொழிலகமும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன்வழி அமைந்தன. காரைநகரில் நம் இளைஞர்கள் கண்ணாடி இழைப் படகு கட்டும் கலையைக் கற்றனர். பிற்காலத்தில் அந்நிறுவனம் அரசின் உடைமையாயிற்று. போர்க்காலத்திற் காரைநகர்த் தொழிலகம் செயலிழந்தது. எனினும் அங்கே பழகிய கைகளிலிருந்து வேறு கைகளுக்கு அந்த அறிவு பரவியது. இன்று நம் கரைகளில் நீங்கள் காணும் படகுகளிற் பெரும்பாலானவை கண்ணாடி இழையாலானவையே.

இனி, படகின் தளத்துக்கு வருவோம். கண்ணாடி இழை ஓடு உறுதியானது. ஆனால் மெல்லியதாய் இருக்கும்போது வளையும். தட்டையான பரப்பில் ஒருவர் ஏறி நின்றால் அது அமுங்கும். அமுங்காமல் இருக்கக் கண்ணாடி நாரையே தடிப்பாக அடுக்கினால் பாரமும் செலவும் கட்டுக்கடங்கா. இதற்குப் பொறியியலாளர் கண்ட வழி மிக எளிது. தடித்த ஒரே தகட்டுக்குப் பதிலாக, மெல்லிய இரண்டு தகடுகளை எடுத்து, அவற்றின் நடுவே இலேசான ஒரு பொருளை வைத்து ஒட்டிவிடுதல். நடுவே உள்ள பொருளை உட்கரு என்போம்.

இதன் பயனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, அதன் தடிப்பளவான உட்கருவை நடுவே வைத்தால், மொத்தத் தடிப்பு இருமடங்காகும். வளையாமல் நிற்கும் வலிமையோ 7 மடங்காகும். மொத்தத் தடிப்பு நான்கு மடங்காகும்படி வைத்தால், அவ்வலிமை 37 மடங்காகும். நிறையோ மிகச் சிறிதே கூடும். நம்ப இயலாததுபோல் தோன்றும் இக்கணக்கை இயற்கை நம் வளவுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கின்றது. பனையைப் பாருங்கள். வெளிப்புறத்தே இரும்புபோன்ற வைரம். உள்ளே மென்மையான சோற்றி. சோற்றியை அகழ்ந்து நீக்கி வாய்க்காற் பீலி செய்தவர்கள் நம் மக்கள். பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் புறவைரமே. வைரத்தை விலகாமல் நிறுத்துவதே உள்ளிருக்கும் சோற்றியின் கடமை.

மேல்நாட்டில் இந்த முறை போர்விமானத்தால் புகழ்பெற்றது. 1940ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் முதன்முதற் பறந்த பிரித்தானிய 'மொஸ்கிற்றோ' விமானத்தின் உடல், இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளின் நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்யப்பட்டது. பால்சா தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் மிகுதியாக வளர்வது. ஒரு கன மீற்றர் வேம்பு 700 கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். அதே அளவு பால்சா ஏறக்குறைய 150 கிலோகிராமே நிறுக்கும். நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டால் 1947ஆம் ஆண்டில் 'கொன்-ரிக்கி' என்ற தெப்பத்தை இந்த மரத்தாலேயே கட்டி, பசிபிக் கடலில் 101 நாள்கள் மிதந்து சென்றார். அத்தெப்பமும் கட்டுமரத்தின் உறவினமே என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பின்னர்ப் பால்சாவுக்குப் பதிலாக, மூடிய சிறு அறைகள் கோடிக்கணக்கிற் கொண்ட பீ.வீ.சி. நுரைத் தகடுகள் வந்தன. படகுகளில் வழங்கும் அத்தகைய தகடு ஒரு கன மீற்றருக்கு 80 கிலோகிராம் அளவே நிறுப்பது.

நம் கரையில் எளிய படகுகளுக்கு உட்கருவாக அமைந்தது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், ஆணி ஏறும். ஆனால் அது மரம். மரத்தைக் கண்ணாடிக்குள் வைத்து மூடிவிட்டால் நீர் புகாது என்று எண்ணினோம். நீர் புகுந்தது. எவ்வாறு? இருக்கைக்கும் கொழுவிக்கும் தளத்தில் இட்ட துளைகளின் வழியாக. நங்கூரம் விழுந்து கீறிய கீறல்களின் வழியாக. ஓரத்திற் பிசின் சரிவரப் படியாத சிறு இடைவெளிகளின் வழியாக. ஒருமுறை புகுந்த நீர் திரும்பி வெளியேற வழியில்லை. கட்டுமரத்தை அவிழ்த்து உலரவைத்தோம். மூடிய தளத்தை யார் அவிழ்ப்பது? கட்டுமரத்தின் பகைவனை அடைத்துவைக்க நாமே ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து கொடுத்துவிட்டோம். என் மாணவர் கொண்டுவந்த துண்டு பலகையாய் இருந்து பஞ்சானதன் காரணம் இதுவே.

இதற்கு நாட்டின் துன்பங்களும் துணைநின்றன. 1980கள் முதல் 2009ஆம் ஆண்டுவரை, போரின் காரணமாகக் கடற்றொழிலுக்குக் கட்டுப்பாடுகள் பல இருந்தன. படகுகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், கரையில் மழைநீர் தேங்கக் கிடந்தன. நல்ல பிசின் கிடைப்பதும் அரிதாயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையையும் தாக்கிப் படகுகளை நொறுக்கிற்று. அதன்பின் நிவாரணமாகப் பெருந்தொகைப் படகுகள் விரைந்து கட்டப்பட்டன. அவசரத்திற் கட்டியவற்றுட் பல தரங்குறைந்தவை என்று பின்னர் வல்லுநர் எடுத்துரைத்தனர். இரக்கத்தால் எழுந்த விரைவும் இறுகுவதற்கு நேரம் தராவிட்டால் தீங்காய் முடியும் என்பது வரலாறு தந்த பாடம்.

என் மாணவர் தம் படகின் தளத்தை மாற்றத் துணிந்தார். முதல் முயற்சி தோல்வி. இலேசான பொருள்தானே வேண்டும் என்று எண்ணி, பெட்டிகளிற் பொதிசெய்ய வரும் வெள்ளை நுரைத் தகட்டை, அதாவது நாம் ரெஜிபோம் என்று சொல்வதை, வாங்கி வெட்டிப் பொருத்தினார். மேலே பொலியெஸ்ரர்ப் பிசினை ஊற்றியவுடன் அந்தத் தகடு வெந்நீரில் இட்ட சர்க்கரைபோல் உருகிக் குழியாயிற்று. அப்பிசினிலுள்ள ஸ்ரைறீன் என்ற திரவம் அந்த நுரையைக் கரைத்துவிடும். இரண்டு வார உழைப்பும் காசும் வீணாயின. இதை இங்கே சொல்லும்படி அவரே என்னிடம் கூறினார். "என்ர காசு போனது போகட்டும், இன்னொருத்தனுக்குப் போகக்கூடாது" என்றார்.

இரண்டாம் முறை கொழும்பிலிருந்து பீ.வீ.சி. நுரைத் தகடு வருவித்தார். வேலையை நான் அருகிருந்து பார்த்தேன். முதலில் பழைய தளத்தின் ஓரத்தில் நான்கு விரற்கடை விளிம்பு விட்டு, மேற்றகட்டை வெட்டி நீக்கினார். ஊறிய பலகையைச் சுரண்டி எடுத்தார். பின் ஒரு வாரம் முழுவதும் படகைக் கூரையின் கீழ் வெறுமனே உலரவிட்டார். அயலவர் நகைத்தனர், அவரோ பொறுத்திருந்தார். உலர்ந்தபின் பழைய கண்ணாடிப் பரப்பை உரோஞ்சிக் கரடுமுரடாக்கினார். வழுவழுப்பான பரப்பிற் புதுப் பிசின் பற்றாது. அவ்வாறு உரோஞ்சும்போது எழும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஆகவே அவரும் உதவியாளரும் முகமூடி அணிந்திருந்தனர்.

அடுத்து, கீழ்த்தகட்டின்மேல் தடித்த பிசின் கலவையைச் சாந்துபோற் பரப்பி, நுரைத் தகட்டை அதன்மேல் அமர்த்தினார். தகட்டில் ஆங்காங்கே சிறு துளைகள் இட்டிருந்தார். அடியிற் சிக்கிய காற்று அவற்றின் வழியே வெளியேற வேண்டும் என்பதற்காக. காற்று தங்கிய இடம் பின்னர் நீர் தங்கும் இடமாகும். இறுகும்வரை மணல் மூட்டைகளை மேலே பரப்பி வைத்தார். இருக்கையும் கொழுவியும் பொருந்தும் இடங்களில் நுரையை அகற்றி, அவ்விடத்தைக் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு திண்மையாக நிரப்பினார். மென்மையான உட்கருவில் நேரே துளையிட்டு முடுக்கினால் அது நசுங்கும். நீருக்கும் வாயில் திறந்ததாகும். தளமும் பக்கச்சுவரும் சந்திக்கும் மூலையைக் கூராக விடாமல் வளைவாக்கி, அதன்பின் கண்ணாடி நார்ப்பாயைத் தளத்திலிருந்து சுவர்மேல் ஏறும்படி அடுக்கடுக்காக ஒட்டினார். கண்ணாடி நார் கூரிய மூலையில் மடியாது. மடித்தால் அங்கே வெற்றிடம் உண்டாகும். இவ்வேலை யாவும் மாரி தொடங்குமுன், வெயில் தணிந்த பொழுதுகளில் நடந்தன. உச்சி வெயிலிற் பிசின் கலக்கியவுடனே இறுகும். ஈரக் காற்றிலோ சரிவர இறுகாது.

பயன் யாது? அவருடைய தளம் ஏறக்குறைய 3 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் உடையது. 12 மில்லிமீற்றர் தடிப்பான ஒட்டுப்பலகை உட்கரு, உலர்ந்த நிலையிலேயே 26 கிலோகிராம் அளவு நிறுக்கும். நீர் ஊறியபின் இன்னும் மிகும். 20 மில்லிமீற்றர் தடிப்பான நுரை உட்கருவோ 6 கிலோகிராமுக்கும் குறைவு. மேலும் கீழும் உள்ள கண்ணாடித் தகடுகளைச் சற்றுத் தடிப்பாக்கிய பின்னரும் படகு குறிப்பிடத்தக்க அளவு இலேசாயிற்று. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததை நம் மீனவர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய காலத்திற் படகிலிருந்து இறக்கிய ஒவ்வொரு கிலோவும் வீட்டு அடுப்புக்கு ஏறும் அரிசியே.

எண்ணெய்ச் செலவைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று உண்டு. கவிழ்ந்த கட்டுமரம் மூழ்காது என்றேன். கண்ணாடி இழையோ நீரைவிடப் பாரமானது. அதனால் ஆன படகு நீர் நிறைந்தால், உள்ளே அடைத்த நுரையோ காற்றறையோ தாங்கினாலன்றி மூழ்கிவிடும். அந்த நுரையும் உட்கருவும் உலர்ந்திருக்கும்வரையே அவை உயிர்காக்கும் மிதவை. நீர் குடித்தபின் அவை வெறும் சுமை. கரையில் நிற்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நடுக்கடலில் ஓர் இரவிலேயே வேறுபாடு தெரியவரும். அப்போது தெரிந்து பயன் இல்லை.

ஆகவே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தொழிலாள நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தாய்மார் சந்தையிற் பானை வாங்கும்போது விரலாற் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை; மந்தமாய் ஒலித்தால் ஓட்டை. உங்கள் படகின் தளத்தையும் ஒரு சிறு மரச் சுத்தியலால் இடத்துக்கிடம் தட்டிப் பாருங்கள். ஒலி மந்தமாகும் இடத்திற் பற்று விட்டிருக்கலாம், நீரும் இருக்கலாம். கால் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிறு கீறலை அன்றே அடைத்தால், பெருந்தளத்தை என்றும் வெட்ட நேராது.

இன்னொன்று, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும். மரப்படகு பழுதானால் மண்ணோடு மண்ணாகும், விறகாகவும் உதவும். கண்ணாடி இழைப் படகு பழுதானால் உக்குவதில்லை. எரித்தால் நச்சுப் புகை. கைவிடப்பட்ட படகுகள் நம் கரைகளில் எலும்புக் கூடுகளாய்க் கிடத்தலைக் காண்கின்றோம். அவற்றுட் பலவற்றின் ஓடு இன்னும் நலமாகவே உள்ளது. கெட்டது உட்கரு ஒன்றே. அதனை மாற்றத் தெரிந்த கைகள் குறைவு. ஓடாவிமாரின் பிள்ளைகள் கணக்கும் இரசாயனமும் பள்ளியிற் படிக்கின்றார்கள். ஆனால் அந்தக் கணக்கும் இரசாயனமும் தம் தந்தையின் படகுக்குள் இருக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. என் பாடசாலையில் இவ்வாண்டு அந்த ஊறிய துண்டையும் புதிய நுரைத் துண்டையும் அருகருகே வைத்திருக்கின்றேன். பிள்ளைகள் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கின்றார்கள். வரலாற்று வகுப்பு இப்போது முன்னையிலும் சற்று நீளுகின்றது.

பொருள்கள் மாறுகின்றன, நேயர்களே. மலைவேம்பு போய் வேம்பு வந்தது. வேம்பு போய்க் கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குள் நுரை வந்தது. ஆனால் நம் முன்னோர் மணலிற் கட்டவிழ்த்து உலரவைத்தபோது கடைப்பிடித்த விதி மாறவில்லை. இலேசானதை நீரிலிருந்து காத்தால் அது நம்மைக் கடலிலிருந்து காக்கும். அவர்கள் அதை நாள்தோறும் செய்தார்கள். நாம் அதைக் கட்டும்போதே செய்தாக வேண்டும்.

என் மாணவரின் படகு சோளகக் காலத்தில் மீண்டும் கடலுக்குச் சென்றது. இன்றும் சென்று வருகின்றது. கரையேறியதும் தளத்தை ஒருமுறை தட்டிப் பார்த்த பின்னரே அவர் வீட்டுக்குத் திரும்புகின்றார்.